மேல்நோக்கிய அம்பு

வண்டி கைக்கு வந்த அன்று நான் செய்த முதல் வேலை அதைத் துடைத்ததுதான். 1990களின் நடுவில் செய்யப்பட்ட டுகாட்டி மான்ஸ்டர் 900. சிவப்பு டேங்க், குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த சட்டம், அந்தச் சட்டத்துக்குள் மறைப்பு ஏதுமின்றித் தொங்கும் இன்ஜின். அர்ஜென்டினாவில் பிறந்த மிகேல் கலுட்ஸி வரைந்து, 1992இல் கொலோன் கண்காட்சியில் முதன்முதலாக வெளியே வந்த வடிவம் இது. அவர் புதிய இன்ஜின் எதையும் கேட்கவில்லை. அதே கம்பெனியின் வேறு வேறு வண்டிகளில் ஏற்கெனவே இருந்த இன்ஜினையும் சட்டத்தையும் முன் ஃபோர்க்கையும் ஒன்றுசேர்த்து, மேலே போர்த்தும் பிளாஸ்டிக்கை வேண்டாமென்று விட்டுவிட்டார். படத்தில் பார்த்த நாளிலிருந்தே ஆசைப்பட்டவன் நான். அதனால் துடைப்பதில் ஒரு அவசரம் இருந்தது. டேங்கின் விளிம்பு, சக்கரங்களின் உட்புறம், ஹெட்லைட்டின் பின்னால் தேங்கிய தூசி என்று ஒவ்வொன்றாக வந்தேன். ஸ்பீடோமீட்டரின் பிளாஸ்டிக் மூடியில் வெள்ளையாக இரண்டு சிறு புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. பெயின்ட் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். துணிக்கு வரவில்லை, நகத்துக்கும் வரவில்லை. ஒரு நாணயத்தின் விளிம்பால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

என்னிடம் விற்றவர் அந்த வண்டியை ஓட்டியவர் இல்லை. கைமாறி அவரிடம் வந்து இரண்டு வருடம் போர்வைக்குள் நின்றிருந்தது. அதற்கு முன் நீண்ட காலம் ஓட்டியவரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பதிவுக் காகிதத்தில் ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். இப்படி முன்பின் தெரியாத ஒருவரின் வண்டியை வாங்கும்போது எல்லோரும் சொல்கிற புத்திமதி ஒன்றுண்டு: எதையும் நம்பாதே, எல்லாவற்றையும் சந்தேகப்படு. நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். பிரேக்கையும் டயரையும் சோதிக்காமல் ஏறி உட்கார முடியாது. ஆனால் ஒரு வண்டியோடு பழகுவதும் அதைச் சந்தேகப்படுவதும் ஒரே வேலை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சத்தங்கள்

முதலில் கிளட்ச். வண்டி நின்றிருக்கும்போது லீவரைப் பிடித்தால், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல வலது பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம். லீவரை விட்டால் அடங்கிவிடுகிறது. இத்தனை வருடம் நான் ஓட்டிய வண்டிகளில் கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கியிருந்தது. லீவரைப் பிடித்தால் வண்டி அமைதியாகும். அதுதான் எனக்குப் பழக்கம். பேரிங் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். டுகாட்டிகளோடு பல வருடம் பழகிய நண்பன் ஒருவனுக்கு அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பினேன். "அண்ணே, அது சத்தம் போடணும். லீவரைப் பிடிச்சும் போடலைன்னா எனக்குச் சொல்லுங்க, அப்ப பார்ப்போம்" என்று பதில் அனுப்பினான்.

இந்த வண்டியின் கிளட்ச் ஆயிலில் இல்லை, காற்றில் சுழல்கிறது. அலுமினியக் கூடையின் பள்ளங்களில் பற்கள் மாதிரி பொருந்திய தகடுகள். லீவரை விட்டிருக்கும்போது ஸ்பிரிங்குகள் அவற்றை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்திருக்கின்றன. லீவரைப் பிடித்ததும் நெருக்கம் போய், ஒவ்வொரு தகடும் தன் பள்ளத்துக்குள் தளர்ந்து நின்று, இன்ஜினின் ஒவ்வோர் உதைக்கும் கூடையின் சுவரில் மோதுகிறது. அந்த மோதலைத்தான் நான் பேரிங் என்று நினைத்தேன். ஆயிலின் இழுவை இல்லாததால் சக்தி வீணாவதில்லை. தகடுகள் தேயும்போது உதிரும் தூள் இன்ஜின் ஆயிலிலும் கலப்பதில்லை. பந்தயத்திலிருந்து வந்த ஏற்பாடு. பற்கள் தேயத் தேயச் சத்தம் கூடும் என்பதும் உண்மை. ஆக, அந்தக் கடகடப்பு ஒரு தகவல். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அதைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். சத்தம் இருக்கிறது என்பதே குற்றமாகிவிடாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். காதுக்கும் அப்படித்தான் என்று அன்று தோன்றியது. தோன்றியதே தவிர, நான் மாறவில்லை.

சைடு ஸ்டாண்டும் அந்த வாரமே என்னை உலுக்கியது. அந்தக் காலத்து மான்ஸ்டரில் வண்டியின் எடை சாய்ந்திருக்கும் வரைதான் ஸ்டாண்டு நிற்கும். ஹேண்டிலைப் பிடித்து லேசாக நிமிர்த்தினாலே ஸ்பிரிங் அதை மடித்துவிடும். ஸ்டாண்டைப் போட்டபடியே யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. நான் பழைய வண்டியில் செய்வதுபோலவே வண்டியைச் சற்று நிமிர்த்தி, பூட்டிவிட்டு, மறுபடி சாய்த்தேன். சாய்ந்து நிற்க அங்கே ஸ்டாண்டு இல்லை. 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி என் தொடையில் வந்து உட்கார்ந்தது. விழாமல் பிடித்துவிட்டேன். கை நடுங்குவது நிற்கச் சற்று நேரமாயிற்று.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிப்போகிற விஷயங்கள். பழகாமல் நின்றது வேறொன்று. போக்குவரத்தோடு போக்குவரத்தாக, உயர்ந்த கியரில் நிதானமாகப் போகும்போது வண்டி உதறியது. பின்னாலிருந்து யாரோ சீட்டைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவதுபோல. செயின் தொய்ந்து, இறுகி, மறுபடி தொய்வது பாதத்தில் தெரிந்தது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தால் உதறல் மோசமாகி, திடீரென்று மறைந்து, வண்டி பாய்ந்தது. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன். செயினின் தொய்வைச் சரிபார்த்தேன். இரண்டு 38 மி.மீ. மிகுனி கார்புரேட்டர்களையும் வெற்றிட அளவி வைத்து ஒன்றுக்கொன்று சமமாக்கினேன். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துத் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காதபோது சந்தேகம் குறைய வேண்டும். எனக்குக் கூடிக்கொண்டே போனது. குறை இன்னும் ஆழமான இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

காகிதம்

சீட்டுக்கு அடியில் கருவிகள் சுற்றிய துணி ஒன்று இருந்தது. முதல் நாள் பிரித்துப் பார்த்தபோது ஸ்பேனர்கள்தான் கண்ணில் பட்டன. இரண்டாவது முறை முழுவதும் விரித்தபோது மடிப்பின் உள்ளே, சின்ன இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளாலான பழைய ஃபீலர் கேஜ் கட்டு ஒன்றும், அதனோடு நான்காக மடித்த தாள் ஒன்றும் இருந்தன. நோட்டிலிருந்து கிழித்த கட்டம்போட்ட தாள். மடிப்புகளில் எண்ணெய் ஊறிப் பழுப்பாகியிருந்தது. நடுவில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். அதற்கு மேலே நான்கு நிமிர்ந்த அம்புகள்: இரண்டு மேல்நோக்கி, இரண்டு கீழ்நோக்கி. வட்டத்துக்கு இடப்புறம் நான்கு படுத்த அம்புகள்: இரண்டு இடது பார்த்து, இரண்டு வலது பார்த்து. ஒவ்வோர் அம்பின் பக்கத்திலும் ஒரு பத்தி எண்கள், 0.04, 0.12 என்று. ஓரமாகக் கிலோமீட்டர்கள். எழுத்து என்று ஒன்றுகூட இல்லை.

எண்களைப் பார்த்ததுமே என்னவென்று புரிந்துவிட்டது: வால்வு கிளியரன்ஸ். சிலிண்டருக்குள் காற்று வரவும் புகை போகவும் திறந்து மூடும் வால்வுக்கும் அதை அசைக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் மயிரிழை இடைவெளி. இந்த இன்ஜினில் அது எட்டு அளவு. சாதாரண இன்ஜினில் கேம் என்ற சுழலும் மேடு வால்வைத் தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். வேகம் கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கால் கேமைப் பின்தொடர முடியாமல் வால்வு மிதக்கத் தொடங்கிவிடும். டெஸ்மோட்ரோமிக் ஏற்பாட்டில் மூடுவதற்கும் தனியாக ஒரு கேமும், அதன் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் நெம்பான ராக்கரும் உண்டு. கிரேக்கத்தில் டெஸ்மோஸ் என்றால் கட்டு, ட்ரோமோஸ் என்றால் ஓட்டம். வால்வின் ஓட்டம் இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருக்கிறது. இது டுகாட்டி கண்டுபிடித்ததில்லை. 1954, 1955 ஆண்டுகளின் மெர்சிடிஸ் பந்தயக் கார் டபிள்யூ 196இலும் இதுதான். ஆனால் 1954இல் டுகாட்டியில் சேர்ந்த ஃபாபியோ டாலியோனி இதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். அவர் செய்த 125 சிசி டெஸ்மோ வண்டி 1956இல் ஸ்வீடன் கிராண்ட் பிரியில் தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. 1968இல் அது சாலை வண்டிகளுக்கும் வந்தது. 1979இல் வந்த பாண்டா இன்ஜினில் கேம்களைச் சுழற்றும் வேலையை ரப்பர் பெல்ட்டுகள் எடுத்துக்கொண்டன. என் வண்டியின் இன்ஜின் அந்தப் பாண்டாவின் வழிவந்தது.

நான் போகிற வேகத்துக்கு இது தேவையா என்று கேட்டால், இல்லை. இன்றைய ஸ்பிரிங்குகளே போதும். ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. மூடுவது என்ற காரியத்தையும் திறப்பதற்குச் சமமாக எடுத்துக்கொண்டு, அதற்கும் ஒரு ராக்கர், அதற்கும் ஓர் அளவு என்று வைத்திருக்கிறார்களே, அந்தச் சிரத்தை பிடித்திருக்கிறது. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஆக நான்கு வால்வு. ஒவ்வொன்றுக்கும் திறக்கும் இடைவெளி ஒன்று, மூடும் இடைவெளி ஒன்று. திறக்கும் பக்கம் ஏறத்தாழ 0.10 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கலாம். மூடும் பக்கம் அதில் பாதிகூட வேண்டாம், 0.03 முதல் 0.05 வரை. மூடும் இடைவெளி அதிகமானால் வால்வை ராக்கர் முழுவதும் அதன் இருக்கையில், அதாவது அது அடைத்து உட்காரும் இடத்தில், கொண்டுபோய்ச் சேர்க்காது. கடைசி மயிரிழையை ராக்கரோடு இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் தாளைப் படித்தேன். மூடியைத் திறப்பதென்றால் தூக்குவது. ஆகவே மேல்நோக்கிய அம்பு திறப்பது, கீழ்நோக்கியது மூடுவது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மேல்நோக்கிய அம்புகளின் பக்கத்தில் 0.04, 0.05. கீழ்நோக்கிய அம்புகளின் பக்கத்தில் 0.11, 0.13. வயிற்றைப் பிசைந்தது. திறக்கும் பக்கம் இடைவெளியே இல்லாத அளவுக்கு இறுகியிருக்கிறது, மூடும் பக்கம் இரண்டு மூன்று மடங்கு தளர்ந்திருக்கிறது, இந்த மனிதர் வருடக்கணக்காக அதை அளந்து அளந்து எழுதிவிட்டு அப்படியே ஓட்டியிருக்கிறார்! போதாக்குறைக்கு, மேல்நோக்கிய அம்புகளின் பத்தி ஒன்றில் எண் 0.09இல் தொடங்கி அடுத்த வரியிலேயே 0.04க்கு இறங்கியிருந்தது. திறக்கும் இடைவெளி இப்படிச் சுருங்கினால் வால்வு தன் இருக்கைக்குள் புதைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹெட்டையே கழற்ற வேண்டிய வேலை. படுத்த அம்புகளைக் காற்று உள்ளே வருவது, புகை வெளியே போவது என்று எடுத்துக்கொண்டேன். அவற்றின் எண்களும் அதே மாதிரி இருந்ததால் அதற்குமேல் கேட்டுக்கொள்ளவில்லை.

உதறலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அன்று எனக்குள் வந்தது கவலை மட்டும் இல்லை. ஒரு திருப்தியும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சந்தேகப்பட்டது சரியாகப் போய்விட்ட திருப்தி. அடுத்த மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை. இந்த இடைவெளிகளைச் சரிசெய்ய வைக்கும், வெவ்வேறு தடிமனுள்ள சிறு துண்டுகளான ஷிம்கள் கொண்ட பெட்டி ஒன்றை வரவழைத்தேன். இரவில் படுத்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த மனிதரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு இவ்வளவு தவறாக ஓட்ட எப்படி மனம் வந்தது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. எனக்குக் கேட்கவில்லை.

சின்ன வட்டம்

பெல்ட்டுகளை எப்படியும் மாற்றியாக வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது உண்டு. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றுவது வழக்கம். இந்த வண்டி இரண்டு வருடம் சும்மா நின்றே இருக்கிறது. புதிய பெல்ட்டைப் போட்டபின் அதன் இறுக்கத்தைத் தந்திபோல மீட்டி அதிர்வெண்ணால் அளப்பவர்கள் உண்டு. ஆலன் கீயை இடையில் நுழைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. அதே நாளில் வால்வுகளையும் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

மான்ஸ்டரின் டேங்க் பின்பக்கக் கீலில் காரின் பானெட் மாதிரி மேலே தூக்கி நிற்கும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆறாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் இன்ஜின் மெல்லத் திரும்பும். வால்வு மூடிகளைக் கழற்றியதும் ஆயில் கீழே வடியும் துளைகளில் துணியை அடைத்தேன். மூடும் ஷிம்மை வால்வின் தண்டில் நிறுத்தி வைத்திருப்பது கம்பியை வளைத்ததுபோன்ற இரண்டு அரை வளையங்கள். ஷிம்மை மாற்றும்போது அதில் ஒன்று நழுவி அந்தத் துளைக்குள் போனால் இன்ஜினின் அடிவரை தேட வேண்டிவரும். பின் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்விலிருந்து தொடங்கினேன். 

திறக்கும் பக்கம் 0.04 தகட்டை நுழைத்தேன். இடம் இருப்பதே தெரியாமல் போய்விட்டது. 0.06 போனது. 0.08 போனது. 0.10 தளர்வாகப் போனது. 0.12இல்தான் தகட்டைப் பிடித்து இழுப்பதுபோல ஓர் உரசல் கிடைத்தது. தவறான இடத்தில் அளக்கிறேன் என்று நினைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, பிஸ்டன் மேலே வந்திருப்பதை மறுபடி உறுதிசெய்து, மறுபடி அளந்தேன். 0.12. பிறகு மூடும் ராக்கரின் கவட்டையை அதன் சின்ன ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கும் ஷிம்முக்கும் நடுவில் அளந்தேன். 0.04. எங்கும் குறையில்லை. அடுத்த வால்வு, அதற்கடுத்தது, முன் சிலிண்டரின் இரண்டு என்று நான்கையும் அளந்து முடித்தபோது மாலையாகிவிட்டது. எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. தாளில் இருந்த அதே எண்கள், பக்கம் மாறி.

தரையில் உட்கார்ந்து, வண்டியின் இடப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் கையில் இருந்தது. இந்த இன்ஜினின் இரண்டு சிலிண்டர்களும் 90 டிகிரியில் விரிந்து, ஒன்று கிட்டத்தட்ட நிமிர்ந்தும் இன்னொன்று கிட்டத்தட்டப் படுத்தும் இருக்கும். அதனால்தான் இதை எல் என்ற எழுத்தின் பெயரால் அழைக்கிறார்கள். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் முன்சக்கரம் இடதுகைப் பக்கம். முன் சிலிண்டர் இடப்பக்கமாகப் படுத்திருக்கிறது. பின் சிலிண்டர் மேலே நிமிர்ந்திருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க். தாளில் மேலே நான்கு நிமிர்ந்த அம்புகள், இடப்புறம் நான்கு படுத்த அம்புகள், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சின்ன வட்டம்.

அவர் பட்டியல் போடவில்லை, இன்ஜினையே வரைந்திருக்கிறார். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே பக்கத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். வட்டத்தை நோக்கிப் போகிற அம்பெல்லாம் திறப்பது, வட்டத்தை விட்டு விலகுகிற அம்பெல்லாம் மூடுவது. வால்வு எந்தப் பக்கம் திறக்கிறது? பிஸ்டன் இருக்கும் பக்கம், உள்நோக்கி. பின் சிலிண்டரில் அது கீழே. முன் சிலிண்டரில் அது பின்னால். மூடியைத் தூக்குகிறவனுக்குத்தான் மேல்நோக்கி என்பது திறப்பு. வால்வுக்கு அது மூடல். நான் வெளியே நின்று பார்க்கிறவனின் கண்ணோடு படித்திருக்கிறேன். அவர் உள்ளே போய் நின்று எழுதியிருக்கிறார். 0.09 என்று தொடங்கி 0.04க்கு இறங்கிய அந்தப் பத்தியும் இப்போது புரிந்தது. மூடும் ஷிம்மைப் பிடித்திருக்கும் அரை வளையங்கள் புதிதாக இருக்கும்போது அடி வாங்கி நசுங்கும், இடைவெளி கூடும். அதைக் கண்டுபிடித்து ஷிம்மை மாற்றியிருக்கிறார். அதன்பின் வளையங்கள் படிந்து, எண் அசையாமல் நின்றுவிட்டது. வால்வு புதைகிறது என்று நான் பயந்த இடம், அவர் அதைச் சரிசெய்த இடம்.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் ஒரு நல்ல மனிதரைத் திட்டியிருக்கிறேன் என்பது ஒரு பக்கம். அதைவிட உறுத்தியது வேறு. தாள் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 0.04 என்பது மூடும் பக்கத்துக்குத்தான் பொருந்தும், 0.12 திறக்கும் பக்கத்துக்குத்தான் பொருந்தும் என்பது எனக்கு மனப்பாடம். எட்டு எண்ணும் ஒருசேரத் தலைகீழாக இருந்தால், படிக்கிறவன் தாளைத் திருப்பிப் பிடித்திருக்கிறான் என்பது முதலில் தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் குறை கிடைக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஒரே ஓர் எண் மட்டும் ஒத்துப்போகவில்லை. பின் எக்ஸாஸ்டின் திறக்கும் பக்கம் எனக்கு 0.12, அவருக்கு 0.13. ஃபீலர் கேஜில் அளந்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு உரசினால் சரி என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவருடைய பழைய கட்டை எடுத்துப் பார்த்தேன். 0.13 தகட்டின் நுனி மட்டும் ஒரு பக்கமாக லேசாக வளைந்திருந்தது. சட்டத்தின் குழாய் குறுக்கே இருப்பதால் அந்த வால்வுக்குள் தகடு நேராகப் போகாது. என் நேர்த்தகடு வளைந்து நுழையும்போது தானாகவே உரசியிருக்கிறது. அவருடைய வளைந்த நுனியை விட்டேன். 0.13, மெல்லிய உரசலோடு.

இடது கால்

ஷிம் பெட்டியைத் திறக்கவே இல்லை. மூடிகளைப் போட்டு, டேங்கை இறக்கி, மறுநாள் கிளம்பினேன். வண்டி உதறியது, முன்பு போலவே. ஆனால் இப்போது அளக்க வேண்டியதெல்லாம் அளந்தாயிற்று. இன்னும் அளக்காத பாகம் இந்த வண்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கியர் லீவரின் மேல் இருக்கும் என் இடது கால்.

பல வருடம் ஒற்றைச் சிலிண்டர் வண்டி ஓட்டியவன் நான். அதன் பிஸ்டனுக்கு ஓட்டம் நீளம். குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும், ஆகவே சீக்கிரம் சீக்கிரமாகக் கியரை ஏற்றிவிட்டு நிம்மதியாகப் போகலாம். இந்த இன்ஜின் வேறு. 904 சிசி; சிலிண்டரின் விட்டம் 92 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 68 மி.மீ. மட்டுமே. இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. ஒன்று வெடித்து 270 டிகிரி கழித்து மற்றது, பிறகு 450 டிகிரி மௌனம். நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் போனால் ஓர் இடைவெளி 22.5 மில்லிவிநாடி, அடுத்தது 37.5. அந்த நீண்ட மௌனத்தில் செயின் தொய்ந்துவிடுகிறது, அடுத்த உதையில் வெடுக்கென்று இறுகுகிறது. 4000 சுழற்சியில் இரண்டு இடைவெளியும் பாதியாகி, உதைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. உதறல் என்று நான் சொன்னது, இன்ஜின் தன் வெடிப்புகளைத் தனித்தனியாக எண்ணிக் காட்டியது.

இந்த வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. ஸ்பீடோமீட்டரும் சில விளக்குகளும் மட்டுமே. சுழற்சி எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அன்று ஒரு கியர் குறைத்தேன். கை பழைய பழக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடப் பார்த்தது; விடவில்லை. சத்தம் கனத்துத் திரண்டது, சீட் அமைதியானது, செயின் பாதத்தைத் தட்டுவது நின்றது. நீண்ட ஏற்றம் ஒன்றை நான்காவது கியரிலேயே ஏறி முடித்தேன். ஏற்றத்தின் உச்சியில் நிறுத்தி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடகடப்பைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பின் பல வாரம் ஒரே வேலைதான். எந்த வேகத்தில் எந்தக் கியர் என்று காதால் தேடுவது. ஐந்தாவதுக்கு எங்கே மனமிசைகிறது, ஆறாவதுக்கு எங்கே. கொஞ்சம் முன்னால் மாற்றிப் பார்ப்பது, உதறினால் திரும்பி வருவது, கொஞ்சம் பின்னால் மாற்றிப் பார்ப்பது. கடைசியில் இரண்டு எண்களில் வந்து நின்றேன். ஐந்தாவது 70இல், ஆறாவது 85இல். இரண்டுமே 3000 சுழற்சியை ஒட்டி வருகிறது. அவருடைய தாளின் ஓரத்தில், வட்டத்திலிருந்து தள்ளி, அந்த இரண்டையும் ஒரு காலையில் குறித்து வைத்தேன்.

அன்று மாலை திரும்பி வந்து நிறுத்தியபோது வெயில் சாய்ந்து ஸ்பீடோமீட்டரின் மேல் விழுந்தது. நேராகப் பார்த்தால் தெரியாத கீறல்கள் அந்த வெளிச்சத்தில் பளபளத்தன. முதல் நாள் நாணயத்தால் நான் சுரண்டிய இடங்கள். வண்டியிலிருந்து இறங்காமலே குனிந்து பார்த்தேன். ஒன்று 70க்கு மேலே இருந்தது. மற்றொன்று 80க்கும் 90க்கும் நடுவில்.